எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈறு நோய்க்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும் என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். விஷயம் உண்மைதான். ஆனால் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்ற இரண்டு தகவலும் கட்டுரையில் இல்லை. நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர். இதழ் வந்த மறுநாளே அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்துவிட்டார்: "இதுல போட்டிருக்கிற மாத்திரையக் குடுங்க தம்பி, ஈறு வீங்கிக் கெடக்கு."

ஈறு நோயைத் தொடங்கி வைப்பது பாக்டீரியா. ஆனால் அதன்பிறகு நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி நம் உடம்பே செய்துகொள்வது. கிருமியை விரட்ட வரும் வெள்ளை அணுக்கள் கொலாஜனேஸ் என்னும் நொதியை அளவுக்கு மீறி வெளியிடுகின்றன. பல்லை எலும்போடு பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் நார்களை அது அரித்துவிடுகிறது. பல் ஆட ஆரம்பிப்பது இப்படித்தான்.

இந்த நொதியை டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் அடக்குகின்றன என்று கண்டவர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்ன் கோலப். 1983இல் அவர் குழு நீரிழிவு எலிகளுக்கு அந்த வகையைச் சேர்ந்த மினோசைக்ளின் கொடுத்துப் பார்த்தது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலும் கொலாஜனேஸ் குறைந்தது. கொல்வதற்குக் கிருமியே இல்லாத இடத்தில் மருந்து வேலை செய்திருக்கிறது! 1987இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டெட்ராசைக்ளின் மூலக்கூறில் ஒரு பகுதியை நீக்கி, கிருமியைக் கொல்லும் சக்தியை எடுத்துவிட்டார்கள். நொதியை அடக்கும் குணம் அப்படியே இருந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதிலிருந்து வந்ததுதான் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 20 மி.கி. டாக்சிசைக்ளின். இதுவும் டெட்ராசைக்ளின் வகைதான். தினம் இரண்டு வேளை, ஒன்பது மாதம் வரை. ரத்தத்தில் சேரும் அளவு கிருமியைக் கொல்லப் போதாது. அதற்காகவே அத்தனை குறைவாக வைத்தார்கள். அதுவும் பல் மருத்துவர் ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு துணைக்குக் கொடுப்பது, தனி வைத்தியம் அல்ல.

என் கடையில் இருப்பது 100 மி.கி. கேப்ஸ்யூல். "அதையே அஞ்சா பிரிச்சா இருபதுதானே?" என்று கேட்கிறார்கள். கணக்கு சரி, வைத்தியம் தப்பு. கேப்ஸ்யூலைத் திறந்து கண்ணளவில் பங்கு போட்டால் ஒரு வேளைக்குக் கூடும், ஒரு வேளைக்குக் குறையும். கேட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அமாக்ஸிசிலின் என்னும் வேறு வகை ஆன்டிபயாட்டிக். கொலாஜனேஸை அடக்கும் இந்தக் குணத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. "ஆன்டிபயாட்டிக்" என்று பொதுவாக எழுதியதால் வந்த குழப்பம் இது.

20 மி.கி. விஷயத்திலும் நிபுணர்கள் ஒரே குரலில் பேசவில்லை. சுத்தம் செய்வதோடு சேர்த்து இதைக் கொடுக்கலாம் என்றது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் அளவில் அதனால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சராசரியாக அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வேண்டாம் என்பதே 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின் யோசனை. எந்த அளவாக இருந்தாலும் ஓர் ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் விழுங்க வைப்பதில் எனக்கும் தயக்கம்தான்.

கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் ஈறு வீக்கத்துக்கென்று டாக்சிசைக்ளின் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வளரும் பல்லில் கறை ஏறிவிடக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். இரும்புச்சத்து மாத்திரையையும் ஜெலுசில் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளையும் கூடவே சாப்பிட்டால் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது.

பெரியவரை மாத்திரை கொடுக்காமல் பல் டாக்டரிடம் அனுப்பினேன். "பேப்பர்லயே போட்டிருக்கு, நீ என்ன?" என்று கோபித்துக்கொண்டுதான் போனார். அடுத்த இதழிலேயே மருந்தின் பெயர், அளவு, பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய அவசியம் மூன்றையும் அதே பக்கத்தில் கண்ணில் படும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திண்டுக்கல்.