புவைத்தி இமாமின் வெள்ளிக்கிழமைகள்

அன்பு மகனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உன் அறையில் இருக்கிற இரண்டு பேரும் இஷா தொழுகைக்குப் பிறகு கைகலப்புக்கே போகப் பார்த்தார்கள் என்றாய். ஆட்சியாளர் அநியாயமே செய்தாலும் வாய் திறக்கக் கூடாது, அதுதான் மார்க்கம் என்கிறார் ஒருவர். அநியாயக்காரனை எதிர்த்து எழாதவனுக்கு ஈமானே இல்லை என்கிறார் மற்றவர். "ரெண்டு பேருமே ஹதீஸ் காட்டுறாங்கம்மா" என்றாய். அந்தக் குரலில் இருந்த தவிப்பு எனக்குப் புதிதல்ல.

நான் மதரஸாவில் ஓதிக் கொடுத்த நாளில், ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிற ஹதீஸை எடுத்தேன். "உன் முதுகில் அடித்தாலும், உன் பொருளைப் பறித்தாலும் தலைவருக்குச் செவிசாய், கட்டுப்படு." ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, "அப்படின்னா அடிக்கிறவங்க கிட்ட அது தப்புன்னு யார் சொல்றது?" என்று கேட்டது. நான் உட்காரச் சொல்லிவிட்டேன். மகனே, அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது அநியாயம். அதற்குப் பிறகுதான் கிதாபுகளை மறுபடி எடுத்தேன்.

உபாதா இப்னு ஸாமித் (ரலி) சொல்லும் பைஅத் (கட்டுப்படுவதாகக் கொடுக்கும் உறுதிமொழி) ஹதீஸை முழுதாகப் படி. கஷ்டத்திலும் சுகத்திலும் கட்டுப்படுவோம், எங்களை ஒதுக்கிப் பிறருக்கு முன்னுரிமை தந்தாலும் கட்டுப்படுவோம், அதிகாரத்தில் இருப்பவர்களோடு அதற்காகப் போட்டியிட மாட்டோம் என்று ரசூலுல்லாஹ்விடம் (ஸல்) வாக்குக் கொடுத்தார்கள். உன் முதல் நண்பர் இங்கேயே நிறுத்திவிடுகிறார். வாக்கு இன்னும் முடியவில்லை: "எங்கே இருந்தாலும் சத்தியத்தைச் சொல்வோம், அல்லாஹ்வின் விஷயத்தில் பழிப்பவர் பழிப்புக்கு அஞ்ச மாட்டோம்." ஒரே வாயால், ஒரே பைஅத்தில் சொன்ன சொல். அதைப் பாதியாக வெட்ட நமக்கு என்ன உரிமை?

நெருப்பு மூட்டிய தளபதியின் சம்பவம் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரசூலுல்லாஹ் அனுப்பிய படையின் தலைவர் கோபத்தில் விறகு சேர்த்து நெருப்பு மூட்டச் சொல்லி, "இதில் இறங்குங்கள், எனக்குக் கட்டுப்பட வேண்டும் என்று உங்களுக்குக் கட்டளை இல்லையா?" என்றார். நெருப்புக்குப் பயந்துதானே நபியிடம் ஓடி வந்தோம் என்று தயங்கி நின்றார்கள். நெருப்பும் அவிந்தது, அவர் கோபமும் அடங்கியது. செய்தி மதீனாவுக்குப் போனதும் வந்த தீர்ப்பு, இறங்கியிருந்தால் அதிலிருந்து வெளியேறியே இருக்க மாட்டார்கள், கட்டுப்படுதல் நல்ல காரியத்தில் மட்டும்தான் என்பது. அந்தத் தளபதி நபியே நியமித்த ஆள். அவருக்கே அந்த எல்லை இருந்தது.

இனி நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபுக்கு (சட்ட வழிக்கு) வருகிறேன். இமாம் ஷாஃபிஈ ஹிஜ்ரி 204-ல் மிஸ்ரில் (எகிப்தில்) மௌத்தாகி மறைந்தபோது, அவர்கள் பாடம் நடத்திய இடம் மாணவர் புவைத்திக்கு வந்தது. ஹிஜ்ரி 218-ல் (கி.பி. 833) பக்தாதில் கலீஃபா மஃமூன் ஒரு சோதனையைத் தொடங்கினார். குர்ஆன் அல்லாஹ்வின் படைக்கப்படாத பேச்சு என்ற நம்பிக்கையை விட்டு, அது படைக்கப்பட்டது என்று காஜிகளும் (நீதிபதிகளும்) ஆலிம்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் பயந்து ஒப்புக்கொண்டார்கள். பின்னால் வாஸிக் கலீஃபாவாக இருந்தபோது இந்தச் சோதனை புவைத்தி இமாமைத் தேடி வந்தது. மிஸ்ரின் ஆளுநர் அவர்கள் மேல் நல்ல எண்ணம் உள்ளவர். "எனக்கும் உங்களுக்கும் இடையில் மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். ஒரு லட்சம் பேர் என்னைப் பின்பற்றுகிறார்கள், அவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியாது என்று புவைத்தி இமாம் மறுத்துவிட்டார்கள். கழுத்தில் சங்கிலி, காலில் விலங்கு, அதில் 40 ராத்தல் எடை. கோவேறு கழுதையில் ஏற்றி பக்தாதுக்குக் கொண்டுபோனார்கள்.

சிறையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாங்கு சத்தம் கேட்டதும், குளித்து உடை உடுத்திச் சிறை வாசல் வரை நடந்து வருவார்கள். "எங்கே போகிறீர்?" என்று காவலர் கேட்டால், "அல்லாஹ்வின் அழைப்பாளருக்குப் பதில் சொல்ல" என்பார்கள். திரும்பிப் போகச் சொல்வார். "யா அல்லாஹ், உன் அழைப்பாளருக்கு நான் பதில் சொன்னேன், இவர்கள்தான் தடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்கள். காவலரோடு மல்லுக்கு நிற்கவில்லை, அறைக்குள்ளேயே இருந்துவிடவும் இல்லை. ஹிஜ்ரி 231-ல் விலங்கோடுதான் மௌத்தானார்கள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

அதே வாஸிக்கின் காலத்தில் பக்தாதின் ஃபகீஹ்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) சிலர் ஹன்பலி மத்ஹபின் இமாம் அஹ்மதிடம் போய், இனி இந்த ஆட்சியை ஏற்க மாட்டோம் என்றார்கள். வாஸிக்குக்கு முந்தைய கலீஃபா முஃதஸிமின் காலத்தில், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளாததற்காகச் சாட்டையடி வாங்கிய முதுகு அது. யார் கோபப்படுவதற்கும் அதைவிட நியாயம் இல்லை. ஆனால் இமாம் அவர்கள், உள்ளத்தால் வெறுங்கள், உங்கள் இரத்தத்தையும் முஸ்லிம்களின் இரத்தத்தையும் சிந்தாதீர்கள் என்று தடுத்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று உன் இரண்டாவது நண்பர் சொன்னால், சாட்டைக்கு முன்னால் மாற்றாத சொல்லை நினைவூட்டு. கிளர்ச்சிக்குத் திட்டமிட்டுப் பிடிபட்டவர் அஹ்மத் இப்னு நஸ்ர் அல்குஸாஈ. அதே 231-ல் அவர் தலை வெட்டப்பட்டது. அவரைப் பற்றி இமாம் அஹ்மத் ஒரு குறையும் சொல்லவில்லை. அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக, எவ்வளவு தாராளமானவர், உயிரையே கொடுத்துவிட்டாரே என்றார்கள். உன் அறைக்கு வேண்டியது இந்த மனசு.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வாள் எடுப்பதை நான் சரி காண மாட்டேன். மதீனாவாசிகள் கலீஃபா யஸீதை எதிர்த்து எழுந்த ஹர்ரா போரில், ஹிஜ்ரி 63-ல், மதீனாவின் தெருவிலேயே இரத்தம் ஓடியதைப் படித்தவள் நான். ஆனால் கொடுமையை நியாயம் என்று உன் நாக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது. அநியாயம் செய்தவர்கள் பக்கம் சாயாதீர்கள் என்று சூரா ஹூதில் அல்லாஹ் சொல்கிறான். நீ வாய் மூடியிருக்க வேண்டிய இடம் வரும், நீ பிழைக்கப் போன பிள்ளை, எனக்குத் தெரியும். அங்கே மனதாலாவது வெறு. தலையாட்டி விடாதே.

இன்னொன்று. சோதனை முடிந்து, அடுத்த கலீஃபா முதவக்கில் பணமும் மரியாதையும் அனுப்பியபோதுதான் இமாம் அஹ்மத் அதிகம் வருந்தினார்கள். ஒருநாள் பசியோடு இருந்தவருக்கு வீட்டார் சீக்கிரமே ரொட்டி கொண்டுவந்தார்கள். எப்படி இவ்வளவு வேகம் என்று விசாரித்தால், அரசுப் பணத்தை வாங்கிக்கொண்ட மகன் ஸாலிஹின் அடுப்பில் சுட்டதாம். எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பேணுதல் நம்மால் முடியாது. ஆனால் சம்பளத்துக்கு மேலே யாராவது ஏதாவது நீட்டினால், எதற்கு என்று கேட்டுவிட்டு வாங்கு.

அந்த இரண்டு பிள்ளைகளையும் இந்த வெள்ளிக்கிழமை ஒரே சஹனில் (பெரிய தட்டில்) உட்கார வைத்துச் சாப்பிடு. கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. சளி குறைந்ததா என்று நீ சொல்லவே இல்லை, ஜும்ஆ முடிந்ததும் போன் போடு.

துஆவுடன்,
உம்மா