பெயர் வேண்டாம் என்றவருக்கு

எங்கள் பேராசிரியரைப் பாராட்டி, உடன் பணியாற்றியவர்கள் சேர்ந்து கொண்டுவந்த கட்டுரைத் தொகுப்பு நேற்று அவர் கையில் சேர்ந்தது. எருசலேமின் இரண்டாம் ஆலயக் காலத்து (ஏறக்குறைய கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 70 வரை) யூத சமயத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர் அவர். பங்களித்த எல்லோர் பெயரும் தொகுப்பில் இருக்கிறது, உங்கள் பெயரைத் தவிர.

என் கட்டுரை, பழைய யூதக் குழு ஒன்றின் விதிநூலான தமஸ்கு ஆவணம் பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ ஜெனிசாவில் (யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய ஏடுகளைப் போட்டுவைக்கும் அறை) கிடைத்த படிகளையும், அவற்றைவிட ஏறக்குறைய 1,000 ஆண்டு மூத்த, சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த துணுக்குகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தேன். கும்ரான் எழுத்தில் வாவ், யோத் என்ற இரண்டு எபிரெய எழுத்துகளும் பல இடங்களில் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் படித்தால் 'அவன்' என்பது 'அவள்' ஆகிவிடும். நான் மூன்று இடங்களில் அப்படித் தவறியிருந்தேன். அச்சுக்குப் போக இரண்டே நாள். நீங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அனுப்பினீர்கள். முன்பின் பழக்கம்கூட இல்லை நமக்கு!

பேராசிரியர் முதலில் புரட்டியது அந்தப் பக்கங்களைத்தான். "இந்த வாசிப்பு சரி" என்றார். அந்தச் சொல் உங்களுக்கு உரியது. மனம் நிறைந்த நன்றி, அக்கா.