குமுளி பேக்கரிக்காரர்களுக்கு ஒரு மடல்: உங்கள் போர்மா அடுப்பில் ஒரு தட்டு முறுகல் ரொட்டி

குமுளியிலும் சுற்று வட்டாரத்திலும் பேக்கரி நடத்தும் அண்ணன்மார், சேட்டன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். கல்யாணமாகி மலையேறி 19 வருஷம் ஆகிறது. ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் உங்கள் பன்னும் பப்ஸும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டே மேசை போட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். அந்தத் தம்பி நாலு வருஷம் சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தில், ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் 'வியட்நாம் சாண்ட்விச்' என்று எழுதியிருக்கும். மூன்று மாதம் அந்த வழியாகவே போய்வந்தும் நான் உள்ளே நுழைந்ததில்லை. மிளகு விலை இறங்கும்போதெல்லாம் நம் ஆட்கள் முதலில் திட்டுகிற நாடு அது. அங்கிருந்து சாப்பிட என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மழை வந்தது, ஒதுங்கினேன், பசியும் இருந்தது. ஒன்று கேட்டேன்.

ஒரு சாண் நீளமுள்ள ரொட்டியை அந்தத் தங்கச்சி கனல் அடுப்பில் புரட்டிச் சூடு காட்டினார். பக்கவாட்டில் கத்தி இறங்கும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. உள்ளே பஞ்சு. கோழி ஈரலை வெண்ணெயில் வதக்கி மிளகு போட்டு அரைத்த விழுதை ஒரு பக்கம் தடவினார். மறுபக்கம் மயோனைஸ். அப்புறம் வறுத்த கோழி, வெள்ளரித் துண்டு, காம்போடு கொத்தமல்லித் தழை, கீறிப் போட்ட காந்தாரி மிளகாய். எல்லாவற்றுக்கும் மேலே கேரட்டும் முள்ளங்கியும் தீக்குச்சி மாதிரி நறுக்கி, உப்பும் சர்க்கரையும் வினிகரும் போட்டு ஊறவைத்தது. கடைசியாக நாலு சொட்டு சோயா சாஸ். பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்தார்.

கடித்ததும் மேல்தோல் உடைந்து மடியெல்லாம் தூள். ஈரலின் கனம் நாக்கில் உட்காருவதற்குள் முள்ளங்கியின் புளிப்பு வந்து அதைக் கழுவிவிடுகிறது, பின்னாலேயே காந்தாரி. பாதி தீர்வதற்குள் வீட்டுக்கு மூன்று கட்டச் சொல்லிவிட்டேன்.

இதற்கு அங்கே பெயர் பான் மீ. மீ என்றால் கோதுமை. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859-ல். நீள ரொட்டி அவர்களோடு போனது. கோதுமை விளையாத ஊர், மாவு கப்பலில் வரவேண்டும், அதனால் முதலில் அது துரைமார் சாப்பாடு. ரொட்டி தனியாக, இறைச்சி தனியாகத் தட்டில் வைத்துச் சாப்பிட்டார்கள். 1954-ல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கான பேர் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு குடும்பம் 1958-ல் சைகோனில் ஹோவா மா என்று ஒரு கடை திறந்தது. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத ஆட்களுக்காக எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே அடக்கிக் கையில் கொடுத்த முதல் கடைகளில் அதுவும் ஒன்று.

நமக்கும் அந்த ஊருக்கும் ஒட்டு உறவு இல்லை என்று நினைக்காதீர்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பிரெஞ்சு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்குமாகச் சைகோன் போனார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இன்னும் இருக்கிறது, வியட்நாம்காரர்களும் வந்து கும்பிடுகிறார்கள். அவர்கள் வைக்கிற கோழிக்குழம்புக்குப் பெயர் 'கா ரி'. அதைத் தொட்டுச் சாப்பிடுவதும் இந்த ரொட்டியைத்தான்.

சரி, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? அந்தக் கடையில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் பான் மீ கிடைக்கிறது. ரொட்டி கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் வருகிறது. வெள்ளிக்கிழமை வந்தது ஞாயிற்றுக்கிழமை ரப்பராகிவிடுகிறது, கனலில் காட்டித்தான் உயிர் கொடுக்கிறார்கள். வீட்டு அடுப்பில் சுட்டுப் பார்த்தார்கள், ஒரு தடவைக்கு ஆறுதான் வந்தது. உங்களில் ஒருவரிடம் போய்க் கேட்டும் இருக்கிறார்கள். "கட்டி ரொட்டியை இங்கே யார் திங்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இனிப்பும் மெதுமெதுப்பும்தான் ரொட்டி என்று நாமே அவரைப் பழக்கியிருக்கிறோம். ஆனால் அந்தத் தங்கச்சி அதை என்னிடம் சொன்னபோது முகம் வாடியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு.

உங்கள் தொழிலை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தம்பி சொன்னதை அப்படியே சொல்கிறேன். மைதா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர். பன்னை மெதுவாக்குவது சர்க்கரையும் கொழுப்பும். இதில் அவை பேருக்குத்தான். போர்மாவில் வைத்த முதல் சில நிமிஷம் உள்ளே ஆவி நிற்க வேண்டும். ஆவி இருந்தால் தோல் சட்டென்று இறுகாது, ரொட்டி நன்றாக எழும்பும். பிறகு ஆவியை விட்டுவிட்டால் தோல் மெல்லிசாக முறுகும். ஒரு தட்டில் கொதிநீர் வைத்தாலே போதும் என்கிறார். பன்னைவிட இதற்குச் சூடு அதிகம் வேண்டும். நீங்கள் எப்படியும் விறகு போட்டு போர்மாவை ஏற்றுகிறீர்கள். சூடு உச்சத்தில் இருக்கும்போது இதை ஒரு தட்டு போட்டு எடுத்துவிட்டு, இறங்கியதும் பன் போடலாம். தனி விறகு வேண்டாம். எடுத்ததைச் சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அத்தோடு முறுகல் போய்விடும். விற்காமல் நின்றதை மறுநாள் அறுத்து ரஸ்க் போட உங்களுக்கா தெரியாது?

தலச்சேரிக் கதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1883-ல் தோட்டக்காரத் துரை ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். அங்கே பேக்கரி நடத்திய மம்பள்ளி பாபு செய்துகாட்டினார். இன்று கிறிஸ்துமஸ் வந்தால் உங்கள் கடைகளில் கேக் வாங்க வரிசை நிற்கிறது. அவரிடம் கேட்டது ஒரே ஒரு ஆள்.

தினமும் விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி வருகிற பெண்களை நீங்களும் பார்க்கிறீர்கள். இறங்கிச் சாப்பிட அவர்களுக்கு நேரம் கிடையாது. நாலு மணிக்கே எழுந்து சோறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். என் அம்மாவும் அந்த ஜீப்பில் வந்தவர். தூக்குச்சட்டி சோறு பத்து மணிக்கே ஆறிப்போகும் என்பார். முட்டைப் பொரியலும் முள்ளங்கி ஊறலும் வைத்த ஒரு ரொட்டி, பேப்பரில் சுற்றிக் கைக்கு வந்தால் ஓடும் ஜீப்பிலேயே சாப்பிட்டுவிடலாம். சைகோனில் இது பிழைத்ததே அப்படிப்பட்ட ஆட்களால்தான்.

யார் வாங்குவார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஆள் சேர்த்துவிட்டேன். திங்கள் முதல் வியாழன் வரை கடைக்குத் தினமும் 30 ரொட்டி எடுத்துக்கொள்வதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் ஸ்டோரில் 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், முதல் மாதத்துப் பணத்தை முன்கூட்டியே தருகிறோம். வருகிற சனிக்கிழமை மதியம் உங்களில் ஒருவராவது அந்தக் கடைக்கு வாருங்கள். இரண்டாவது மேசையில் இருப்பேன். மாவு அளவு எழுதிய தாளைத் தம்பி எடுத்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஏலக்காய் ஸ்டோர் கணக்குக்காரி, குமுளி