ஆசிரியருக்கு: இந்தியன் ஓபன் கோல்ஃப் மீண்டும் ஊர் மாறி நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டிக்குத் தமிழ் நாளிதழ்களில் ஆண்டுக்கு ஒருமுறை நான்கைந்து வரி கிடைக்கிறது. வென்றவர் பெயர், அவருடைய நாடு, பரிசுத் தொகை. கடைசியில், சொந்த மண்ணில் இந்தியர்கள் சோபிக்கவில்லை என்று ஒரு வரி. எஸ்.எஸ்.பி. சௌராசியா 2017-ல் வென்றதற்குப் பிறகு 2025 வரை இந்தியர் எவர் கைக்கும் அந்தக் கோப்பை வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை வீரர்களின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. வென்றவர் பட்டியலுக்குப் பக்கத்தில் போட்டி நடந்த மைதானங்களின் பட்டியலையும் வைத்துப் பார்த்தால் வேறு விஷயம் புலப்படும். இந்தப் போட்டியை ஒரே மைதானத்தில் நிறுத்தி வைத்திருப்பதுதான் இன்றைய முதல் குறை.

போட்டி தொடங்கியது 1964-ல், தில்லி கோல்ஃப் கிளப்பில். பிரிட்டிஷ் ஓபனை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சனின் முயற்சி இதன் பின்னால் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் வழியில் இந்தியாவில் தங்கிச் செல்வது அவர் வழக்கம். முதல் கோப்பையை அவரே வென்றார். 1966-லும் 1976-லும் மீண்டும் வென்றார். முதல் போட்டிக்கு அடுத்த ஆண்டே, 1965-ல், போட்டி கல்கத்தாவுக்குப் போனது. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப். அங்கே அந்த ஆண்டு வென்ற பி.ஜி. சேத்தி தொழில்முறை வீரரே அல்ல, அமெச்சூர். பில்லூ சேத்தி என்று எல்லோரும் அழைத்த அவர்தான் இந்தக் கோப்பையை வென்ற முதல் இந்தியர்.

அதற்குப் பின் 1966 முதல் 1990 வரை, 25 ஆண்டுகள், ஓர் இந்தியர்கூட வெல்லவில்லை. போட்டி ஆசிய சர்க்யூட்டில் ஒரு நிறுத்தமாகிவிட்டது. ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாட்டு வீரர்கள் வாரம் ஒரு நாடாக ஆடிக்கொண்டே வந்து கோப்பையை எடுத்துச் சென்றார்கள். பின்னாளில் யு.எஸ். ஓபனை இருமுறை வென்ற பெய்ன் ஸ்டூவர்ட்டும் அவர்களில் ஒருவர், ஆண்டு 1981. வாராவாரம் புதுப் புல்லிலும் புதுக் காற்றிலும் ஆடிப் பழகியவருக்கு எதிரே, வருடம் முழுக்க ஒரே கிளப்பில் ஆடிய இந்தியத் தொழில்முறை வீரர் நின்றார். அந்த 25 ஆண்டுகளை விளக்க இந்த ஒரு வேறுபாடே பெருமளவு போதும்.

திருப்பம் 1991-ல் வந்தது. தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக, அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக இருந்து ஆட்டம் கற்ற அலி ஷேர் அந்த ஆண்டு வென்றார். இந்தியத் தொழில்முறை வீரர் ஒருவர் இந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. 1993-ல் மீண்டும் அவரே. பிறகு 1998-ல் ஃபிரோஸ் அலி, 1999-ல் அர்ஜுன் அத்வால், 2000-ல் ஜோதி ரந்தாவா என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பை இங்கேயே இருந்தது. 2002-ல் விஜய் குமார், 2006, 2007-ல் மீண்டும் ரந்தாவா, 2009-ல் பெங்களூருவில் கேடியாக இருந்த சி. முனியப்பா, 2015-ல் அனிர்பன் லஹிரி, 2016, 2017-ல் சௌராசியா. சேத்தியையும் சேர்த்து 9 இந்தியர்கள், 13 வெற்றிகள். அதில் 12 வெற்றிகள் 1991 முதல் வந்தவை. 2013-ல் தில்லியில் வென்ற வங்கதேசத்தின் சித்திக்கூர் ரஹ்மானும் டாக்காவில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கியவரே. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவர். மகன் பயிற்சியாளர் யாரும் இல்லாமல் அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றார். ரந்தாவா, லஹிரி போன்று ராணுவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு என்பதை மறக்கவில்லை. ஆனால் பழைய கிளப்களின் பின்வாசல் வழியாக வந்தவர்கள் இல்லாமல் இந்தப் பட்டியல் இல்லை.

மைதானம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செய்தி எழுதுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம் ஏறத்தாழ 6,900 யார்டு. இன்றைய அளவில் இது குட்டை. ஆனால் ஃபேர்வே, அதாவது பந்து போக வேண்டிய புல்பாதை, குறுகல், இருபுறமும் முள்மரமும் புதரும். பந்து உள்ளே போனால் தேட 3 நிமிடம்தான். 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, தண்டனையோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். கிடைத்தும் அடிக்க முடியாத நிலையில் கிடந்தால், ஒரு ஸ்ட்ரோக் கொடுத்துவிட்டு இரண்டு மட்டை நீளத்துக்குள் பந்தை விடலாம். அந்த இரண்டு மட்டை நீளமும் பெரும்பாலும் புதருக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் அங்கே விவரமறிந்தவர்கள் டிரைவர் எனும் நீண்ட தூர மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு இரும்பு மட்டையால் 200, 220 யார்டு நேராக அடித்துவிட்டு அடுத்த அடியை யோசிப்பார்கள். 2025 அக்டோபரில் அதே மைதானத்தில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தபோது ரோரி மெக்கில்ராய் போன்ற நீண்ட தூரக்காரர்களும் டிரைவரை ஒதுக்க வேண்டியிருந்தது. பலம் குறைந்தவரும் துல்லியத்தால் வெல்ல இடம் தரும் மைதானம் அது.

2017 முதல் போட்டி நடக்கும் குருகிராம் டிஎல்எஃப் கிளப்பின் கேரி பிளேயர் மைதானம் வேறு ஜாதி. சுமார் 7,400 யார்டு, பங்கர்கள் எனும் ஆழமான மணற்பள்ளங்கள், பாறைக் குவாரியை ஒட்டிய குழிகள், அடுக்கடுக்காக உயர்ந்து தாழும் கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகள். இங்கே பந்து கிரீனில் விழுந்தால் மட்டும் போதாது, சரியான அடுக்கில் விழ வேண்டும். தவறினால் 40 அடி தூரம், நடுவே ஒரு மேடு. இரண்டு புட்டில், அதாவது கிரீனில் பந்தை இரண்டு முறை உருட்டி, முடிப்பதே பெரிய காரியம். 2019-ல் ஸ்டீபன் கல்லாச்சர் கடைசி நாளில் 7-வது குழியில் 8 அடித்து, அதாவது பார் எனப்படும் நிர்ணயித்த அடி எண்ணிக்கையைவிட 4 கூடுதலாக எடுத்து, அப்படியும் 279 என்ற மொத்தத்தோடு கோப்பையை வென்றார். வென்றவரையே அந்த மைதானம் அப்படிப் படுத்துகிறது.

பார் 72 என்றால் நான்கு நாளுக்கு 288; மொத்தம் குறைந்தவரே வெல்வார். இந்த எண்ணை வைத்துக்கொண்டால் மைதானத்தின் குணம் தெரியும். டிஎல்எஃப்பில் வென்ற மொத்தங்கள்: 2017-ல் 278, 2018-ல் மேட் வாலஸ் ப்ளேஆஃப்பில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) வென்றபோது 277, 2023-ல் மார்சல் சீம் 274, 2024-ல் கெய்ட்டா நகாஜிமா 271, 2025-ல் யூஜெனியோ சக்காரா 284. அதே 2025-ல் தில்லி கோல்ஃப் கிளப்பில் டாமி ஃபிளீட்வுட் வென்றது 266-ல். பருவமும் ஆடியவர்களும் வேறு. இருந்தாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரே ஆண்டில், வென்ற இருவருக்கு இடையே 18 ஸ்ட்ரோக் வித்தியாசம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தக் கடினமான மைதானத்தில் முதல் முறை போட்டி நடந்தபோது வென்றவரே சௌராசியா அல்லவா? ஆம், அதுவும் 7 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில். 2024-ல் வீர் அலாவத் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். சௌராசியா தூரம் அடிப்பவர் அல்ல. கிரீனுக்கு அருகிலிருந்து மெல்லத் தூக்கி அடிக்கும் சிப்பிங்கிலும் புட்டிங்கிலும்தான் அவர் உயிர். எனவே நீளம் மட்டும் இந்தியர்களைத் தடுக்கிறது என்று சொல்ல மாட்டேன். பழகக் கிடைக்கும் கிரீனுக்கும் போட்டி நாள் கிரீனுக்கும் உள்ள தூரமே பெரிய தடை.

கிரீன் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டரால் அளப்பார்கள். 36 அங்குல அலுமினியச் சட்டம். அதன் ஒரு முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு பள்ளம். அதில் பந்தை வைத்து அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் பந்து தானே உருளத் தொடங்கும். தட்டையான இடத்தில் ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த் திசையில் மூன்று பந்து; உருண்ட தூரத்தின் சராசரி, அடிக்கணக்கில், அந்தக் கிரீனின் வேகம். சாதாரண நாளில் கிளப் கிரீன் 8, 9 காட்டும். சர்வதேசப் போட்டிக்கு 11, 12 வரை கொண்டுபோவார்கள். 9-ல் நின்றுவிடும் பந்து 12-ல் சரிவில் ஓடிக்கொண்டே இருக்கும். அடுக்குக் கிரீனில் இது இருமடங்கு தண்டனை. பெர்முடா புல்லாக இருந்தால் புல் சாய்ந்திருக்கும் திசையும் சேர்ந்துகொள்ளும்: நின்று பார்க்கையில் பளபளப்பாகத் தெரிந்தால் பந்து வேகமாகப் போகும், கருத்துத் தெரிந்தால் இழுத்து நிறுத்தும். இதை ஒரே வாரப் பயிற்சிச் சுற்றில் பிடித்துவிட முடியாது. பல பழைய கிளப்களில் உறுப்பினர் ஆடாத நாளில் கேடிகளுக்கு ஆட அனுமதி உண்டு. அலி ஷேர்களும் முனியப்பாக்களும் வந்தது அப்படிப்பட்ட வழியில்தான். தனியார் குடியிருப்புத் திட்டங்களோடு வளர்ந்த புதிய மைதானங்களில் அந்த வழி குறுகல்.

2015-ல் ஐரோப்பிய சுற்றோடு இணைந்தபின் இந்தப் போட்டியின் எடையே மாறிவிட்டது. 2025-ல் மொத்தப் பரிசு 22.5 லட்சம் டாலர். வென்றவருக்கு அதில் 17 சதவீதம், 3,82,500 டாலர். அதைவிடப் பெரியது, வென்றவருக்கு ஐரோப்பிய சுற்றில் ஆடக் கிடைக்கும் உரிமை. முதல் இரண்டு நாள் முடிவில் முதல் 65 இடங்களும் அந்த இடத்தில் சமநிலையில் இருப்பவர்களும் மட்டுமே மேலே போவார்கள்; இதைத்தான் கட் என்பார்கள். மற்றவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வீடு திரும்புவார்கள். உள்நாட்டுச் சுற்றில் ஆடும் வீரருக்கு அந்த 36 குழிகள் எவ்வளவு கனம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனவே என் வேண்டுகோள்: போட்டி பழையபடி ஊர் மாறட்டும். தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, குருகிராம் என்று சுழலட்டும். 2012-ல் பெங்களூருவின் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானத்தில் இது நடந்தது. அங்கே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம், பந்து மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாகப் பறக்கும், 150 யார்டு அடி 155-ஐத் தொடும். கொல்கத்தாவில் தட்டை நிலம், குளங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திறமையைக் கேட்கும். நடைமுறைத் தடைகள் உண்டு: தொலைக்காட்சிக் கோபுரங்களுக்கும் 140-க்கு மேற்பட்ட வீரர்களின் பயிற்சித் தளத்துக்கும் இடம் வேண்டும், உறுப்பினர்கள் வாரக்கணக்கில் மைதானத்தை விட்டுத்தர வேண்டும், கிரீனைப் படிப்படியாக வேகப்படுத்தப் பல வாரம் வேண்டும், அவசரப்பட்டு ஒரே வாரத்தில் ஒட்ட வெட்டினால் புல் காய்ந்துவிடும். சென்னை நந்தனம் மைதானம் பிஜிடிஐ எனும் இந்தியத் தொழில்முறைச் சுற்றின் உள்நாட்டுப் போட்டிகளுக்கு ஏற்றது. இந்த அளவு கூட்டத்தை அது தாங்கும் என்று நான் வாதிட மாட்டேன். தில்லி, கொல்கத்தா, பெங்களூரு மூன்றுக்கும் முன் அனுபவம் இருக்கிறது.

தங்கள் விளையாட்டுப் பகுதிக்கும் இரண்டு சிறு வேண்டுகோள்கள். 1964-லிருந்து எண்ணி 2025-ஐ 62-வது போட்டி என்று எழுதக் கூடாது. 2014-ல் நடக்க வேண்டியது 2015 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. 2020, 2021, 2022-ல் கொரோனாவால் நடக்கவில்லை. ஆகவே 2025-ல் நடந்தது 58-வது. அடுத்து, வென்றவர் பெயரோடு மைதானத்தின் பெயர், பார், நான்கு நாள் மொத்தம், கட் தாண்டிய இந்தியர்களின் இடம் ஆகியவற்றையும் ஒரே வரியில் சேர்த்து வெளியிடுங்கள். வாசகர் மறு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்