தோசைக்கல்லில் பர்கர்

அன்பு மகளுக்கு,

சிகாகோவில் ஒரு பர்கருக்குக் கொடுக்கிற காசு கட்டுப்படியாகவில்லை என்று நீ போனில் சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் அடுப்படியில் காலம் தள்ளினவன் மகள் பர்கரைக் கடையில் வாங்குவதா? வீட்டிலேயே போடு.

மாட்டுக் கைமா வாங்கும்போது பாக்கெட்டில் 80/20 என்று போட்டிருப்பதை எடு. நூற்றுக்கு இருபது பங்கு கொழுப்பு. உடம்புக்கு நல்லதென்று கொழுப்பு குறைந்ததைத்தான் நீ எடுப்பாய், எனக்குத் தெரியும். அது காய்ந்து சக்கையாகிவிடும். வேண்டுமானால் பர்கரைக் குறை, கொழுப்பைக் குறைக்காதே.

அடுத்தது நம் கைப்பழக்கம். கைமாவைக் கண்டதும் வெங்காயம், இஞ்சி பூண்டு, கரம் மசாலா, முட்டை எல்லாம் போட்டுப் பிசையத் தோன்றும். அது கட்லெட். நல்ல கட்லெட்தான், ஆனால் பர்கர் இல்லை. இதற்குக் கறியும் உப்பும் மிளகும் போதும். உப்பைக்கூட முன்னாலேயே கலக்காதே. அது கறியிலுள்ள புரதத்தைக் கரைத்து ஒட்டவைத்துவிடும். வெந்ததும் ரப்பர் மாதிரி இழுக்கும். கல்லில் போடுகிற நேரத்தில் மேலே தூவு. பிசையவே வேண்டாம்.

நான் கொடுத்துவிட்ட இரும்புத் தோசைக்கல்லை லேசாகப் புகை வரும்வரை காயவிடு. 60 கிராம் அளவுக்கு உருட்டி வைத்துக்கொள். கல்லில் போட்டதும் கனமான தோசைத் திருப்பியால் அழுத்து. முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்திவிட வேண்டும். அப்புறம் அழுத்தினால் உருகின கொழுப்பும் சாறும் ஓடிவிடும். ஓரம் மொறுமொறுவென்று சிவந்ததும் நன்றாகச் சுரண்டித் திருப்பு. கல்லில் பிடித்த அந்தப் பக்கத்தில்தான் ருசியே இருக்கிறது. மேலே சீஸ் வைத்து, அது இளகியதும் எடு. பன்னை அதே கொழுப்பில் வாட்டு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், இல்லாவிட்டால் புகை அலாரம் கத்தும்.

உள்ளே சிவப்பாக வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்காதே. முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் இருக்கும், சூட்டில் செத்துவிடும். அரைக்கும்போது அது உள்ளேயும் போய்விடுகிறது. அதனால் கைமா 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், உங்கள் ஊர் ஃபாரன்ஹீட் கணக்கில் 160. தடியாகத் தட்டுவதென்றால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்.

வாரநாளுக்கு சாண்ட்விச்தான் சுலபம். உங்கள் ஊர்ச் சரக்கான இத்தாலியன் பீஃப் மாதிரியே செய்யலாம். கடைக்காரர்கள் தொடைக்கறியை வேகவைத்து, தாள் போல மெல்லிசாகச் சீவி, சாற்றில் போட்டு வைப்பார்கள். உன்னிடம் சீவுகிற மெஷின் இல்லை. ஆகவே சக் என்று விற்கிற தோள்பட்டைக் கறியை வாங்கு. பெரிய துண்டுகளாக்கிச் சிவக்க வறுத்து, பூண்டு, மிளகு, ஓரிகனோ, தண்ணீர் சேர்த்துக் குக்கரில் வை. முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் முக்கால் மணி நேரம். நார் நாராக உதிர்ந்து வரும். நீள ரொட்டியில் அடைத்து, ரொட்டியோடு சாற்றில் ஒரு முக்கு. கையெல்லாம் வழியும், பரவாயில்லை. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்காதே.

அதோடு தொட்டுக்கொள்ள ஜார்டினியேரா என்று எண்ணெயில் ஊறின மிளகாயும் காய்கறியும் அங்கே பாட்டிலில் கிடைக்கும். ஊருக்கு வரும்போது காரமானதாகப் பார்த்து இரண்டு பாட்டில் வாங்கி வா. அம்மாவிடம் சொல்லாதே, டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா