டவுசர் பையில் ஒரு குறடு

வெள்ளகோவில்
மார்கழி 6

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் மாடு மேயும் கொறங்காட்டிலிருந்து போன். "கெடாரிக் கன்னு காலைத் தூக்கிட்டே நிக்குதுங்க" என்றார் மாடு மேய்க்கும் பெரியவர். பேனாவை மூடி வைத்துவிட்டு ஓடினேன். உன் பையன் கார்த்திக்குச் சின்னக் குறடு வாங்குவதைப் பற்றி நீ கேட்டதற்குப் பாதிப் பதில் அந்தக் கன்றின் காலில் இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கொறங்காடு நீ பார்த்தபடியேதான் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். அந்த வேல முள்தான் பின்னங்காலில், குளம்பின் இரண்டு பிளவுக்கும் நடுவில் ஏறியிருந்தது. வெளியே தெரிந்தது ஒரு நெல்மணி அளவுதான். விரலால் பிடித்தால் வழுக்கியது. நகம் போட்டு நெம்பினால் ஒடிந்து உள்ளே தங்கிவிடும், அப்புறம் சீழ் கட்டும். பெரியவர் கன்றின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் டவுசர் பையிலிருந்து சின்னக் குறட்டை எடுத்து, நுனியால் அந்த நெல்மணியை மெதுவாகக் கவ்வி, ஏறின வாக்கிலேயே நேராக இழுத்தேன். முக்கால் அங்குல முள் ஒடியாமல் முழுசாக வந்தது. கன்று ஒரு உதை விட்டது, அவ்வளவுதான். மஞ்சள் வைத்துக் கட்டினோம். இன்றைக்கு நன்றாக ஓடுகிறது.

வீட்டில் எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர் இருக்கிறது, நல்ல கம்பெனி. ஆனால் வீடு அங்கிருந்து அரை கிலோமீட்டர். அதை எடுத்து வரும்வரை கன்று நிற்காது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கார்த்தி கோயமுத்தூரில் ஹாஸ்டலுக்குப் போகிறான், எப்போதும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்னக் குறடு கேட்கிறான், ஜெர்மன் குறடு ஒன்றைக் காட்டுகிறான், சில ஆயிரம் ஆகிறது, வாங்கலாமா என்று எழுதியிருந்தாய். அவன் காட்டியது நிபெக்ஸ் கோப்ராவாக இருக்கும். வுப்பர்டால் என்ற ஊரில் 1882 முதல் குறடு செய்துவரும் கம்பெனி. அதன் 125 மில்லிமீட்டர் கோப்ரா அருமையான சாமான். பட்டனை அழுத்தி வாயைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். குழாயைக் கவ்வினால் வழுக்காது. ஆனால் மாப்பிள்ளை, அது குழாய்க்கும் நட்டுக்கும் பிறந்தது. கம்பி வெட்டும் அலகே அதில் கிடையாது. ஹாஸ்டல் பையனுக்குப் பத்தில் ஏழு வேலை கம்பியை வெட்டுவதும் முறுக்குவதும் வளைப்பதும்தான். அவனுக்கு 5 அங்குலத்தில், நுனி கொஞ்சம் கூர்மையாக, அடியில் வெட்டும் அலகோடு ஒரு சாதாரணக் குறடு போதும். நான் காங்கேயத்து ஹார்டுவேர் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன், 110 கிராம்.

குறடு, கத்தி எல்லாம் ஒன்றிலேயே மடக்குகிற மல்டி டூலையும் கேட்டிருந்தாய். அதைக் கொண்டுவந்த டிம் லெதர்மேன் 1975-இல் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பா சுற்றியவர். சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி மட்டும்தான். காரும் விடுதிக் குழாயும் மக்கர் செய்யும்போதெல்லாம் கத்தி இருந்தும் குறடு இல்லையே என்று தவித்தாராம். ஊருக்குத் திரும்பி எட்டு வருஷம் மெனக்கெட்டு 1983-இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கத்தியைவிடக் குறடுதான் அடிக்கடி வேண்டியிருக்கும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம். அசல் சாமான் விலை அதிகம். சந்தையில் 300 ரூபாய்க்கு அதே மாதிரி விற்கிறதை மட்டும் வாங்காதே. இரண்டு வாங்கி இரண்டும் ஆணி லொடலொடத்துப் போயின. மடக்குகிற இடம் கூடக் கூட, விலை குறைந்த சாமானில் ஆட்டமும் கூடும். குறைந்த விலைக்கு வாங்குவதானால் ஒரே ஆணி உள்ள குறடுதான் நம்பகம்.

வாங்கும்போது கார்த்தியையும் கடைக்குக் கூட்டிப் போ. ஒரே பெட்டியில் உள்ள பத்தும் ஒன்றுபோல் இருக்காது. வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல். நுனி இரண்டும் சரியாக முட்டவேண்டும், வெட்டும் அலகில் வெளிச்சம் தெரியக்கூடாது. பிறகு ஒரு துண்டு செய்தித்தாளை அலகில் வைத்து அழுத்தட்டும். நல்ல அலகு தாளை வெட்டும். கெட்டது மடித்துக் கொடுக்கும். நான் ஏழு எடுத்துப் பார்த்து ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ஆணியில் ஆட்டம் இருந்தால் கீழே வைத்துவிடவேண்டும்.

சின்னதற்குப் பலம் குறைவு, அது அதன் குற்றமில்லை. எட்டு அங்குலத்தில் ஆணியிலிருந்து கை பிடிக்கும் இடம் ஐந்து அங்குலம் தள்ளி இருக்கும், இதில் மூன்றுதான். அதனால் கம்பியை அலகின் அடிவரை, ஆணிக்கு ஒட்டித் தள்ளி வெட்டவேண்டும். வேலியில் கட்டின முள்கம்பி மாதிரிக் கனமானதை ஒரே கடியில் வெட்டப் பார்க்கக்கூடாது. சுற்றிலும் கடித்துத் தடம் போட்டுவிட்டு மேலும் கீழும் நாலு தரம் ஆட்டினால் தானாக ஒடியும். சைக்கிள் போக்ஸ் கம்பி, ஸ்பிரிங் கம்பி இரண்டையும் தொடவே வேண்டாம், அலகில் பல் விழுந்துவிடும். நட்டுக்கும் ஸ்பேனர்தான். குறட்டால் திருகினால் மூலை மழுங்கி, அப்புறம் ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காது.

இனி எழுதப்போவதை அவனிடம் நீ வாயாலேயே சொல்லவேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் ராத்திரி ஒன்பது மணிக்கு மோட்டார் நின்றுபோனது. பீஸ் கட்டையில் கம்பி உருகியிருக்கும் என்று நினைத்து, மெயினை அணைக்காமல், கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்ற தைரியத்தில் குறட்டை நீட்டினேன். உறையின் அடியில் மயிரிழை அளவு விரிசல் இருந்திருக்கிறது. மூன்று பேஸ் கரண்ட். என்னைத் தூக்கி வாய்க்கால் மேட்டில் போட்டதால் பிழைத்தேன். வலது கை விரல்கள் ஒரு வாரம் மரத்துக் கிடந்தன. இதுவரை உனக்குக்கூட எழுதவில்லை. அந்த உறை கை வழுக்காமல் இருக்கப் போட்டது, கரண்டைத் தடுக்க அல்ல. மின்வேலைக்கென்று சோதித்த குறட்டில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற குறியும் இருக்கும். அது இருந்தாலும் முதலில் மெயினை அணைக்கட்டும். ஹாஸ்டலில் பிளக்கைத் திறந்து பார்க்கிற வயசு அவனுக்கு.

பையில் வைக்கிற விதம்: நுனி துணியைத் துளைத்துவிடும். என் வேட்டிக்குள் போடும் பட்டாபட்டியில் இரண்டு பை அப்படித்தான் போயின. பழைய சைக்கிள் டியூபில் ஒரு அங்குலம் வெட்டி வாயில் மாட்டிவிட்டேன். இப்போது வாயும் திறக்காது, பையும் கிழியாது. ஆணிக்கு மாதம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதே. இந்த மார்கழிக் குளிரில் அது உறைந்து, நாளடைவில் பிசினாகி, குறடு திறக்கவே மாட்டேன் என்கும்.

மற்றபடி இங்கே சௌக்கியம். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை, ஓலையெல்லாம் கறுப்படிக்கிறது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) தண்ணீர் நம் கடைமடைக்கு எப்போது வரும் என்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் பேரைச் சொன்னால் "அந்தப் பையன் ஒழுங்கா சாப்பிடறானா" என்றுதான் இன்னும் கேட்கிறது.

பட்டிப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. கார்த்திக்கு டியூபோடு ஒரு குறடு எடுத்து வைத்திருக்கிறேன், நீ வாங்கவேண்டாம். முள் எடுத்த கன்றுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கிற வேலை அவனுக்கு.

உன்
பொன்னுசாமி