ஒளிரும் கைரல் மூலக்கூறுகள்: விடுபட்ட ஓர் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டத் தளவிளைவு ஒளியை (திருகுபோல் வலமாகவோ இடமாகவோ சுழன்று செல்லும் ஒளியை) உமிழும் கைரல் கரிமச் சேர்மங்களை, அதாவது வலக்கை, இடக்கை போல் ஒன்றோடொன்று பொருந்தாத இரு ஆடிபிம்ப வடிவங்களில் அமையும் சேர்மங்களைப் பற்றித் தங்கள் அறிவியல் இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்துறையைத் தமிழில் எழுத முன்வந்தமைக்கு நன்றி. ஆயினும், வலம்புரி, இடம்புரி எனப் பிரித்தெடுத்த மூலக்கூறு பிரகாசமாக ஒளிர்ந்தாலே கைப்பேசித் திரையின் மின்செலவு பாதியாகிவிடும் என்று கட்டுரை முடிவது சரியன்று.

வெளிவெளிச்சம் பட்டுக் கண் கூசாதிருக்க ஓஎல்இடி (கரிமச் சேர்மங்கள் ஒளிரும்) திரைமேல் ஒட்டப்படும் வட்டத் தளவிளைவுத் தகடு, திரை உமிழும் ஒளியிலும் ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிடுகிறது என்பது உண்மை. (இத்தகைய தகட்டைப் பல நிறங்களுக்கும் பொருந்துமாறு 1955-இல் வடிவமைத்தவர், சர் சி.வி. இராமனின் சகோதரி மகனான இயற்பியலாளர் பஞ்சரத்தினம் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.) மூலக்கூறுகள் ஒரே சுழலில் ஒளிர்ந்தால் அந்த இழப்பு நீங்கும். ஆனால் எந்த அளவுக்கு ஒரே சுழலில் ஒளிர்கின்றன என்பதைச் சொல்லும் சமச்சீரின்மைக் காரணி கட்டுரையில் இடம்பெறவே இல்லை. முழுமையாக ஒரே சுழல் என்றால் அதன் மதிப்பு 2. சிறு கரிம மூலக்கூறுகள் பெரும்பாலும் 0.01-ஐக்கூட எட்டுவதில்லை. 0.01 என்றே கொண்டாலும், வெளிவரும் 2000 ஒளித்துகள்களில் 1005 ஒரு சுழலிலும் 995 மறு சுழலிலும் இருக்கும். தகட்டில் இதனால் மிச்சமாவது மிகச் சொற்பமே.

குருங்குளம் போன்ற டெல்டா சர்க்கரை ஆலைகளின் ஆய்வகத்தில், தெளிவித்த கரும்புச்சாற்றை நீண்ட குழாயில் நிரப்பிப் போலாரிமீட்டரில் (ஒளி அதிரும் தளம் எவ்வளவு திரும்புகிறது என அளக்கும் கருவியில்) வைத்தால், ஒளியின் தளம் கண்ணுக்குத் தெரியுமளவு திரும்புகிறது. அங்கே எண்ணற்ற சர்க்கரை மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் சிறிதளவு திருப்ப, குழாயின் நீளம் முழுவதும் அது சேர்ந்துகொண்டே போகிறது. ஒளி உமிழ்வில் அப்படிச் சேர இடமில்லை. தனித்தனியே ஒளிரும் ஒவ்வொரு மூலக்கூறும் தன் சுழலைத் தானே தர வேண்டும். ஒரு நானோமீட்டர் அளவுள்ள மூலக்கூறுக்கு 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் முறுக்கு எளிதில் பிடிபடாது. மேலும், பிரகாசத்துக்கு வலுவான மின் இருமுனை மாற்றம் (ஒளிரும்போது மூலக்கூறில் மின்னூட்டம் நேராக இடம்பெயர்தல்) தேவை. காரணி உயர்வதற்கோ அதற்கு நிகரான, அதே திசையிலோ எதிர்த்திசையிலோ அமைந்த காந்த இருமுனை மாற்றம் (மின்னூட்டம் வட்டமாகச் சுழல்தல்) தேவை. ஆகவே ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறைகிறது. பென்சீன் வளையங்களைத் திருகுபடிபோல் அடுக்கிய ஹெலிசீன்களை வடிவமைப்போர் இந்தப் பிணக்கோடுதான் போராடுகின்றனர். கர்ப்பூரத்திலிருந்து பெற்ற ஈனிகளை (உலோக அயனியைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறுகளை) கொண்ட ஒரு யூரோப்பியம் சேர்மம் 1.38-ஐ எட்டியது, ஆனால் அங்கே ஒளிர்வது கரிமப் பகுதியன்று, உலோக அயனியே.

எனவே இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ஒளிர்திறனோடு சமச்சீரின்மைக் காரணியையும், அது கரைசலில் அளந்ததா, இயங்கும் திரையில் அளந்ததா என்பதையும் தவறாமல் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர்,
கும்பகோணம்.